மருவும் முள்ளும்: வைரஸ் வேலையா?

கே: உள்ளங்கையில் மரு. கோயிலில் உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டால் உதிர்ந்துவிடும் என்கிறார் என் மாமியார். செய்யலாமா?
(வாசகி, திருக்கோகர்ணம்)

ப: தாராளமாக. பிரகதாம்பாள் சன்னதி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மருவைக் கிள்ளாதீர்கள், பிளேடால் சீவாதீர்கள். மருவுக்குக் காரணம் பாப்பிலோமா வைரஸ். கிள்ளிய நகமே அதை அடுத்த விரலில் கொண்டுபோய் விடும். குழந்தைகளுக்கு வரும் மருக்களில் பாதிக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறைந்துவிடும்.

கே: வைரஸ்தான் என்று எப்படித் தெரிந்தது?

ப: 1907இல் இத்தாலிய மருத்துவர் சுஃபோ மருவை அரைத்து, பாக்டீரியா தாண்ட முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைத் தன் கையிலேயே ஏற்றிக்கொண்டார். சில மாதங்களில் அங்கே மரு முளைத்தது. பாக்டீரியாவைவிடச் சிறியதுதான் காரணம் என்பது நிரூபணமானது.

கே: அபூர்வமான தோல் கட்டிகளுக்கும் வைரஸ் காரணமாகுமா?

ப: சிலவற்றுக்கு ஆகும். டிரைக்கோடிஸ்பிளேசியா ஸ்பைனுலோசா என்று ஒன்று. உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுவோருக்கு எப்போதாவது வரும். மூக்கிலும் புருவத்திலும் சின்னச் சின்னப் பருக்கள். அவற்றின் நடுவில் நுண்ணிய முள் நீட்டிக்கொண்டிருக்கும். புற்றுநோய் அல்ல. 1999இல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைரஸ் துகள்கள் தெரிந்தன. 2010இல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள், இதய மாற்று செய்துகொண்ட ஒரு சிறுவனின் முகத்திலிருந்து பிடுங்கிய முள்ளிலேயே புதியதொரு பாலியோமா வைரஸைக் கண்டுபிடித்தார்கள்.

கே: கட்டியில் வைரஸ் இருந்தாலே அதுதான் குற்றவாளியா?

ப: இல்லை. தேர் வீதியில் நின்றவரெல்லாம் வடம் பிடித்தவர் ஆகமாட்டார்கள். மேற்சொன்ன வைரஸ் பெரியவர்களில் பெரும்பாலோரை எப்போதோ தொற்றிவிட்டுப் போயிருக்கிறது. அவர்களில் மிகச் சிலரைத் தவிர யாருக்கும் முள் முளைக்கவில்லை. அதனால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கட்டியில் வைரஸ் ஏராளமாகவும் மற்ற தோலில் அரிதாகவும் இருக்கிறதா? அதன் புரதம் கட்டியின் செல்லுக்குள்ளேயே தெரிகிறதா? வைரஸ் எதிர்ப்பு மருந்துக்குக் கட்டி குறைகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ வந்தால் தீர்ப்பு எழுதலாம்.

கே: டாக்டர் வெட்டி எடுத்த கட்டியை என்ன செய்ய?

ப: குப்பைக்குப் போக விடாதீர்கள், ஃபார்மலின் பாட்டிலில் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அரிய கட்டியின் காரணம் அந்தச் சின்னத் துண்டில்தான் இருக்கிறது. திடீரென வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ கைவைத்தியம் வேண்டாம். பக்கத்திலேயே புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.