பாடு: கலோரி எரிவு பற்றிய ஒரு நுண்ணாய்வு

பாயிரம்

உடம்பு எரிக்கும் வெப்பத்தை அளக்கப் புகுந்த பெரியோர், வாயில்லா உயிரிலிருந்தே தொடங்கினர். 1780களில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் உட்காரவைத்து, உருகி வடிந்த நீரை எடைபோட்டுக் கணக்கெழுதினார்கள். அந்தக் குலவரிசையில் அடுத்த கினிப்பன்றி இக்கட்டுரையாளன். எடை 60 கிலோ, வேட்டி நீங்கலாக. களம்: திருப்பாலைவனம் தொட்டு பழவேற்காடு ஏரிக்கரை வரை. கருவி: மகள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த கைக்கடிகாரம்.

களப்பெயரைப் பார்த்து ஒட்டகத்தைத் தேடவேண்டாம். இவ்வூர்ப் பாலை ஒரு மரம். திருப்பாலீஸ்வரர் கோயிலின் தலமரமும் அதுவே.

நூற்பா 1: கடுமையும் நேரமும் எடையும் பெருக்க வருவது எரிவு.

உரை: உழைப்பின் கடுமைக்கு அறிஞர்கள் வைத்த அலகு ‘மெட்’. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். அதற்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ கலோரி செலவு. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் சுமார் 3.5 மெட். ஆகவே நான் ஒரு மணி நேரம் நடந்தால் 210. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 8.3 மெட், அரை மணியிலேயே 249. கடுமை கூடினால் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பது இதன் கருத்து. உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சிக்கு 75 நிமிடக் கடும் பயிற்சி ஈடு என்றே சொல்கிறது.

நூற்பா 2: கடுமை ஏற ஏற நேரம் தேயும்.

உரை: ஓட்டத்தைக் களத்தில் சோதித்தேன். நான்காம் நிமிடத்தில் ஒரு புளியமரத்தடியில் ஆய்வு தானாக நின்றது. எரிந்தது 33 கிலோ கலோரி. ஓர் இட்லிகூடக் கரையவில்லை. ஓடி நின்றபின்னும் உடம்பு சிறிது நேரம் கூடுதலாக எரிக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது கடைக்காரர் கொடுக்கும் கொசுறு மாதிரி. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் நடப்பவர், நான்கு நிமிடம் ஓடி மரத்தடியில் சாய்பவரைவிட ஆறு மடங்கு எரிக்கிறார்.

கிளை ஆய்வு: பூநாரை

ஏரியில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. மாமல்லபுரத்துப் பாறையில் தவம் செய்யும் பூனையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெருந்தவமாகவே பட்டது. ஆனால் 2017இல் வெளியான ஓர் ஆய்வு, செத்த பூநாரையையும் தசையின் உதவியின்றி ஒற்றைக்காலில் நிறுத்தலாம் என்று காட்டிவிட்டது. எலும்பும் மூட்டும் அப்படிப் பூட்டிக்கொள்கின்றனவாம். தோற்றம் தவம், செலவு சொற்பம். ஜிம்முக்குப் போய்ப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவோருக்கு இப்பறவையே குலதெய்வம்.

நூற்பா 3: கருவி காலை எண்ணும், கையை எண்ணாது.

உரை: ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர். கழி ஊன்றியே படகைத் தள்ளலாம். கழி போடும் பெரியவர் ஒருவர் கையில் கடிகாரத்தைக் கட்டிவிட்டேன்.

“இன்னா சார், கணக்கெடுக்க வந்தியா? கவர்மெண்டா?”

“இல்லீங்க, உடம்பு எவ்வளவு உழைக்குதுன்னு பாக்குறேன். எவ்வளவு நேரம் கழி போடுவீங்க?”

“காத்து விடுற வரைக்கும்.”

ஒரு மணி கழித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நெடுநேரமாக அசையாமல் இருக்கிறீர்கள், எழுந்து நடங்கள் என்று அவருக்கு அறிவுரை சொல்லியிருந்தது.

கரையோரம் சிலர் நீருக்குள் உட்கார்ந்தபடி நகர்ந்து இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். இரு கையும் சேற்றைத் துழாவ, பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். அமெரிக்க அறிஞர்கள் தொகுத்த உடலுழைப்பு அட்டவணையில் பனியில் உட்கார்ந்து மீன்பிடிக்க 2 மெட், கையால் மீன்பிடிக்க 4 மெட் என்றிருக்கிறது. நான்கு மணி நேரம் தடவினால் என் எடைக்கு 960 கிலோ கலோரி. பல்லுக்கு எவ்வளவு என்று அட்டவணை சொல்லவில்லை.

மறுப்பும் விடையும்

அப்படியானால் பெருக்கல் கணக்குப்படி இவர்கள் கரைந்தே போயிருக்க வேண்டாமா என்பது மறுப்பு. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் எரிவை ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். உடல் அளவைக் கழித்துப் பார்த்தால், அவர்களின் அன்றாட எரிவு நாற்காலியில் வாழும் மேலை நாட்டாரின் எரிவை ஒத்தே இருந்தது. உழைப்பில் செலவானதை உடம்பு வேறெங்கோ சிக்கனம் பிடித்து ஈடுகட்டுகிறது என்பது பான்ட்சரின் விளக்கம். நல்ல குடும்பத் தலைவியின் பட்ஜெட் அது.

இதே முடிவைப் பறியை இறக்கிவைத்த ஒரு மூதாட்டி ஆய்வுக்கூடம் இல்லாமலே அடைந்தார்.

“எதுக்குத் தம்பி வெயில்ல சும்மா நடக்குற?”

“உடம்பு இளைக்கணும் ஆயா.”

“அதுக்கு இன்னாத்துக்கு நடக்கணும்? ஒரு கை சோத்தைக் குறையேன்.”

முடிபு

இவ்வேரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த நாளில் யார், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் வகுக்கும் முறை அது. கிடைத்த மீனுக்கும் மீன்பாடு என்றே பெயர். படும் வருத்தமும் பாடுதான். ஒரே சொல்லில் நேரம், பலன், கடுமை மூன்றும் அடக்கம். ஜிம்மில் பாடு படுபவருக்குக் கடுமையும் நேரமும் அவர் கையில், மீன்தான் இல்லை. ஏரியில் கடுமையைக் காற்றும் நேரத்தை முறையும் வைத்திருக்கின்றன. குறைவாக எரித்து நிறைய மீன் பிடிப்பதே அங்கே கெட்டிக்காரத்தனம்.

எனவே கலோரியைக் கைவிட்டுப் பாட்டையே அலகாகக் கொள்ளலாம் என்பது என் பரிந்துரை.

வீடு திரும்பி எடை பார்த்தேன்: 60 கிலோ. பையில் அரைக் கிலோ இறால். ஆய்வாளர்தானே, ஆய்ந்து கொடுங்கள் என்றார்கள் வீட்டில். ஆய்ந்தேன், 40 நிமிடம். கடிகாரம் அதையும் எண்ணவில்லை.