பன்னிக்கு ஆகாத அமைதி

ஏலே பேராண்டி, ஜெர்மனிக்காரச் சேக்காளி கூடப் போயி துப்பாக்கிச் சத்தத்தை அளந்துட்டு வந்தேன்னு போன்ல சொன்னியே, ராத்திரி பூரா எனக்குச் சிரிப்பாணி தாங்கல. நெல்லு அளப்பாக, எண்ணெய் அளப்பாக. என் பேரன் சத்தமில்லாததை அளக்கப் போயிருக்கான்!

2020-ல சட்டத்தை மாத்தி, வேட்டை லைசென்ஸ் உள்ளவுக சைலன்சர் வாங்கிக்கிடலாம்னு அங்க விட்டுட்டாக. சரி. சினிமாவுல வாரமாதிரி தும்மல் கணக்கா வெடிக்கும்னு நெனச்சியாக்கும்? வெறுந்துப்பாக்கி 160 டெசிபெலை ஒட்டிக் கத்தும். சைலன்சர் மாட்டுனா முப்பது போகும். முப்பது போனா சத்தத்தோட சக்தி ஆயிரத்துல ஒரு பங்குதான். ஆனாலும் மிச்சம் 130 நிக்கே! அந்த ஊருத் தொழிற்சாலையில வெடிச்சத்தம் 137-ஐத் தொட்டா காதை மூடியாகணும்னு சட்டமே இருக்கு. அதுக்கு ஏழுதான் கம்மி.

வண்டிச் சாட்டையைச் சொடுக்குனா நுனியில சடீர்னு கேக்கும்லா? நுனி சத்தத்தை முந்திப் போறதால வார ஒலி அது. கம்புல துணியைச் சுத்துனா அது அடங்குமா? குண்டும் அப்படித்தான். நொடிக்கு 343 மீட்டரைத் தாண்டுனா வழிநெடுகச் சொடுக்கிக்கிட்டே போகும். வாயில மாட்டுன சைலன்சர் அதை என்ன செய்யும்? அதான் நொடிக்கு 300 மீட்டர்ல மெதுவாப் போற குண்டைத் தேடுதாக. அதுலயும் ஒரு குசும்பு இருக்கு. 343ங்கிறது இருபது டிகிரிக் கணக்கு. மைனஸ் பத்துல சத்தமே 325-ஆ நொண்டும். வெயில்ல 330-ல பதுங்கிப் போன குண்டு, பனியில அதே வேகத்துல போனா சொடுக்கிரும்.

அளக்கிறதுக்குப் போனை நீட்டுனேன்னியே, அங்கதாம்லே எனக்கு வெக்கமாப் போச்சு. வெடி உச்சிக்குப் போயி இறங்க நொடியில ஆயிரத்துல ஒரு பங்குகூட ஆகாது. போனு கண்ணைத் தொறக்குமுன்ன எல்லாம் முடிஞ்சிரும். அதுக்குன்னு உள்ள மைக்கை, குழல் முனைக்குப் பக்கவாட்டுல ஒரு மீட்டர் தள்ளி, தரையிலேருந்து 1.6 மீட்டர் ஒசரத்துல நடணும். அமெரிக்கப் பட்டாளத்து வழக்கம் அது. சுடுதவன் காதுகிட்டயும் ஒண்ணு வையி, கேக்கப்போறது அவன்தானே. முதல் வெடியைத் தள்ளிட்டுச் சராசரி போடாதே. சைலன்சருக்குள்ள இருக்க காத்தும் சேந்து எரியிறதால முதல் வெடிதான் கூடக் கத்தும். வேட்டைக்காரன் சுடப்போறதே அந்த ஒரு வெடி!

இனிமேத்தான் கூத்து. மெதுகுண்டு 120 சொச்சத்துல அடங்குச்சுன்னு துள்ளுனியே, அதை வச்சு எதைச் சுடுவே? அந்த ஊரு வேட்டைச் சட்டப்படி, நூறு மீட்டர் தள்ளி நிக்கிற சின்ன மானுக்கே குண்டுல 1000 ஜூல் வலு இருக்கணும். காட்டுப்பன்னின்னா 2000. பதிமூணு கிராம் குண்டு 300 மீட்டர்ல போனா, குழல் வாயிலயே 585 ஜூல்தான். சத்தம் அடங்குன குண்டைப் பன்னிமேல விடக்கூடாது, விடக்கூடிய குண்டு அடங்காது. எவ்வளவு துட்டு, எவ்வளவு கணக்கு!

கோயில் கொடைக்கு வாரப்ப மறக்காம அந்த மைக்கைக் கொண்டா. பந்தல்ல கட்டுத குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் தள்ளி நட்டுவோம். வாற எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு, கொடை வரி கேட்டு வாரவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்.