டார்ட்டார் சாஸுக்குத் தனிக் காசு

1994-இல் பிராகுக்குப் படிக்கப் போனபோது நான் சுத்த சைவம். அந்த ஊரில் ஹோஸ்போடா என்னும் பீர்க்கடைகளில்தான் சாப்பாடும். சைவக்காரனுக்கு அங்கே விதித்தது ஒன்றே ஒன்று: ஸ்மஜெனீ ஸீர். சீஸ் கட்டியை முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, அவித்த உருளைக்கிழங்கோடு வைப்பார்கள். (முட்டையைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவேன்.) தொட்டுக்கொள்ள டார்ட்டார் சாஸ். அதற்குத் தனிக் காசு.

சர்வர் சிரித்து நான் பார்த்ததில்லை. அரை லிட்டர் பீரைக் குடித்து முடித்தால் கேட்காமலே அடுத்தது வரும். போதுமென்றால் கோப்பையின் வாயை அட்டையால் மூட வேண்டும். அது தெரியாத முதல் வாரத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. மேஜையில் கிடக்கும் துண்டுச்சீட்டில் கோப்பைக்கு ஒரு கோடு, அதுதான் கணக்கு. சிகரெட் புகையில் எதிரே இருப்பவர் முகம் தெரியாது.

மெனுவில் இறைச்சிக்கு முன்னால் 150 கிராம், 200 கிராம் என்று எடை போட்டிருக்கும். கம்யூனிஸ்ட் ஆட்சியில் உணவகங்களுக்கெல்லாம் ஒரே அளவுப் புத்தகம். 1989-இல் ஆட்சி போயிற்று, கிராம் போகவில்லை. ரேஷன் கடை என்று கேலி செய்வேன்.

போன வருஷம் மறுபடி போனேன். இதற்குள் நான் மாமிசத்துக்கு மாறியிருந்தேன். ஊர் சைவத்துக்கு மாறியிருந்தது. திரும்பிய பக்கமெல்லாம் வீகன் கடை. எனக்கு வேண்டியதோ ஸ்விச்கோவா. மாட்டிறைச்சியை கேரட், செலரிக் கிழங்கோடு பதமாய் வேகவிட்டு, அந்தக் காய்களையே மசித்துக் கிரீம் சேர்த்த இனிப்புப் புளிப்புக் குழம்பு. மேலே எலுமிச்சை வில்லை, சிவப்புப் பெர்ரி. படித்த காலத்தில் அக்கம்பக்கத்துத் தட்டுகளில் எட்டிப் பார்த்ததோடு சரி. குழம்பை வழித்துச் சாப்பிட க்னெட்லீக்: மாவை உருளையாய் வேகவைத்து, கத்தி படாமல் நூலால் அறுத்த துண்டுகள். ஐந்தாறாவது இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை.

வந்தது இரண்டு. அகன்ற தட்டின் ஓரத்தில் குழம்பு பொட்டு வைத்தாற்போல். சர்வர் தன் பெயரைச் சொல்லி, ஒவ்வாமை உண்டா என்று விசாரித்து, சிரித்துக்கொண்டே இருந்தார். புகையை 2017-இல் சட்டம் போட்டே வெளியேற்றிவிட்டார்கள். இறைச்சி எவ்வளவு சிறியது என்பது தெளிவாகத் தெரிந்தது. மெனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிராம் எங்கும் இல்லை.

பசி தீரவில்லை. கூச்சத்தோடு ஒரு ஸ்மஜெனீ ஸீர் சொன்னேன். பில்லின் கடைசி வரியில், தனியாக, டார்ட்டார் சாஸ்.