காயலான் கடை காக்பிட்

விமான நிறுவனங்கள் தங்கள் விமானிகளைப் பழக்கும் சிமுலேட்டர் என்பது ஆறு கால்களில் நின்று ஆடும் பெரிய பெட்டி. விலை பல கோடி ரூபாய். அதையே வீட்டுப் பின்னறையில், மனைவிக்குத் தெரிந்த கணக்கில் சில ஆயிரத்துக்குள் முடித்துவிடலாம் என்று நம்பும் ஒரு ரகம் உலகமெங்கும் இருக்கிறது. சென்னையிலும் இருக்கிறது. அந்த ரகத்தை மொத்தமாகக் 'கேப்டன்' என்று அழைப்போம். அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

'மனைவிக்குத் தெரிந்த கணக்கு' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கேப்டனின் நோட்டில் டிரில்லிங் மெஷின் வராது. அது வீட்டுக்கு வாங்கியது, நாளைக்கே காலண்டர் மாட்ட ஓட்டை போட வேண்டாமா? சால்டரிங் அயர்ன் பையனின் படிப்புச் செலவு. ஸ்டோர் ரூமில் ஏற்கெனவே கிடந்த சாமான் எல்லாம் இலவசம், போன வாரம் அவரே வாங்கி அங்கே போட்டுவைத்ததாக இருந்தாலும். இப்படிக் கூட்டினால் காக்பிட் நிஜமாகவே மலிவுதான்.

முதல் வாக்குவாதம், எந்த விமானம் என்பது. சிக்கனக்காரர்கள் செஸ்னா 172 பக்கம் போவார்கள். 1955-ல் முதன்முதலாகப் பறந்து, இதுவரை 44,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்ட நாலு இருக்கை விமானம். சுவிட்சுகள் குறைவு, கடிகாரம் போன்ற ஆறு முக்கிய மீட்டர்கள், ஸ்டியரிங் போல ஒரு யோக், கீழே பெடல். இன்னும் சாமர்த்தியசாலிகள் ஏர்பஸ் ஏ320-ஐத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் யோக்கே கிடையாது, பக்கவாட்டில் ஒரு ஜாய்ஸ்டிக் மட்டும். விமானிக்கு எதிரே இழுத்து விரிக்கும் குட்டி மேசை இருக்கும். பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றை வலப்பக்கமோ இடப்பக்கமோ திருகி, எதிரே ஒரு பலகையை வைத்து, அதில் தயிர் சாதத் தட்டையும் வைத்துக்கொண்டால் பாதி ஏர்பஸ் தயார். மீதிப் பாதி தலைக்கு மேலே இருக்கும் பட்டன் கூட்டம். அதைச் செய்ய ஆரம்பித்தவர்களைப் பொங்கலுக்குக்கூட வெளியே பார்க்க முடியாது.

பெரும்பாலான கேப்டன்கள் காசைக் கொட்டுவது மானிட்டரில். ஒன்று போதாது, மூன்று வேண்டும். மேகம் காதோரம் போக வேண்டும். கைக்கு மட்டும் கீபோர்டு. இது தலைகீழ் வேலை. சிமுலேட்டரின் மூதாதையைப் பார்த்தாலே தெரியும். 1929-ல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க் ஒரு பெட்டி செய்தார். அவர் அப்பா ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மகன் அங்கிருந்த துருத்தியையும் காற்றுப் பம்பையும் எடுத்து, குட்டை இறக்கை ஒட்டிய மரப்பெட்டிக்குள் வைத்து, அதைத் திரும்பவும் சாயவும் வைத்தார். முதலில் வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்கள். 1934-ல் அமெரிக்க ராணுவம் விமானத் தபால் வேலையை ஏற்று, மோசமான வானிலையில் விமானிகளைப் பறிகொடுத்த பிறகுதான், தலா 3,500 டாலருக்கு ஆறு பெட்டிகளை வாங்கியது. பயிற்சியின்போது மேல்மூடியைச் சாத்திவிடுவார்கள். வெளியே எதுவும் தெரியாது; மீட்டர்கள், கை, கால், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானோர் அந்த இருட்டில் உட்கார்ந்துதான் பழகினார்கள்.

ஆகவே வீட்டுச் சாமானைக் கழற்றிச் சிமுலேட்டர் செய்வதற்கு வரலாற்று முன்னுதாரணம் இருக்கிறது. அப்பாவுக்கு ஆர்கன் தொழிற்சாலை இல்லாதவர் சமையலறையைத் தவிர வேறெங்கே போவார்?

"ஏங்க, மிக்ஸி திருகு எங்கே?"

"அது இப்போ எரிபொருள் மிக்ஸ்சர் கன்ட்ரோல் ஆயிடுச்சு."

"மிக்சரெல்லாம் கடையில கிடைக்கும். என் திருகைக் கொடுங்க."

யோக் செய்வதுதான் உண்மையான கைவேலை. முன்னும் பின்னும் போக வேண்டும், இடமும் வலமும் திரும்ப வேண்டும். முதலாவதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டிராயர் சேனல். அலமாரிக்கு வழுக்கிக்கொண்டு போவது விமானத்துக்கும் போகும். இரண்டாவதற்கு பிவிசி பைப்பும், ஸ்கேட்டிங் சக்கரத்திலிருந்து உருவிய பேரிங்கும். விட்டதும் நடுவுக்குத் திரும்ப, பைக் கேரியரில் கட்டும் எலாஸ்டிக் கயிறு. அசைவை அளப்பதற்கு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'பத்து கே பாட்' என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள், ரேடியோ வால்யூமில் இருக்கும் அதே பொட்டென்ஷியோமீட்டர்தான். இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய ரேடியோவில் திருகைத் தொட்டால் கரகரவென்று கேட்குமே, உள்ளே கார்பன் பூச்சு தேய்ந்த அந்தக் கரகரப்பு இங்கே விமானத்தின் நடுக்கமாக வரும். நிர்மலமான வானத்தில் கேப்டன் மட்டும் புயலில் தவிப்பார். காந்தத்தைத் தொடாமலே உணரும் ஹால் சென்சாருக்கு இந்த வியாதி கிடையாது. விலையும் பயப்படும்படி இல்லை.

இவற்றைக் கம்ப்யூட்டரோடு பேச வைப்பது ஆர்டுயினோ பலகை. அதில் லியோனார்டோவும் புரோ மைக்ரோவும் யுஎஸ்பியில் செருகியதும் "நான் ஒரு ஜாய்ஸ்டிக்" என்று கூசாமல் சொல்லும். பழைய ஊனோவுக்கு அப்படிப் பொய் சொல்ல வராது. அவசரத்தில் அதை வாங்கிவந்தவர்களுக்கு, மாற்றிவர அலைந்தே மவுண்ட் ரோடு பஸ் வழி மனப்பாடம். பதினாறு பட்டனுக்குப் பதினாறு ஒயர் இழுக்கவும் வேண்டாம். நாலுக்கு நாலு கட்டமாக அடுக்கினால் எட்டு போதும். மென்பொருளுக்குச் செலவே இல்லாமல் பண்ணலாம்: திரையில் பறக்க வைக்கும் ஃப்ளைட்கியர் இலவசம்; வெப்கேமராவை வைத்துத் தலை திரும்பினால் காட்சியைத் திருப்பும் ஓப்பன்டிராக்கும் இலவசம்.

சக்கரத்தை மடக்கும் நெம்புகோலின் முனைக்குப் பையனின் பொம்மைக் கார் சக்கரம் போதும். இதைக் கேலி செய்கிறவர்கள் அல்போன்ஸ் சபானிஸின் கதையைக் கேட்க வேண்டும். போர்க்காலத்தில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் ஒழுங்காகத் தரையிறங்கி, பிறகு சக்கரத்தை மடக்கிக்கொண்டு வயிற்றில் உட்கார்ந்தன. உளவியலாளரான சபானிஸ் உள்ளே ஏறிப் பார்த்தார். இறக்கை மடலுக்கான சுவிட்சும் சக்கரத்துக்கான சுவிட்சும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சக்கரத்துக்கானதில் ரப்பர் சக்கரமும் மடலுக்கானதில் ஆப்பு வடிவத் துண்டும் ஒட்டினார். தொட்டாலே தெரிந்தது, குழப்பம் தீர்ந்தது. இன்று பெரிய பயணிகள் விமானங்களில் அந்த வடிவங்கள் சட்ட விதியாகவே இருக்கின்றன. ஆக, பொம்மைக் கார் சக்கரம் விதிப்படியான உதிரிபாகம். செஸ்னாக்காரருக்கு அந்தச் செலவும் மிச்சம், அதன் சக்கரம் மடங்காது.

மீட்டர்களுக்கு, காயலான் கடையில் கிடைக்கும் பழைய மானிட்டரைப் படுக்கவைத்து, அதன்மேல் ஆறு வட்டம் வெட்டிய பிளைவுட்டை மூடினால் தீர்ந்தது. அசல் விமானத்தில் ஓட்டையின் அளவு மூன்றே அரைக்கால் அங்குலம். தச்சரிடம் அந்த அளவைச் சொன்னால் அவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். எதற்கு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

இத்தனையும் முடித்து, புதுப்பேட்டையில் பழைய கார் சீட் வாங்கும் நேரத்தில் கேப்டனுக்குக் கஞ்சத்தனம் வந்துவிடும். இருக்கிற ஆபீஸ் நாற்காலியே போதும் என்பார். திரையில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில், அடையாற்றின் மேல் பாலமாக நீளும் இரண்டாவது ஓடுதளத்தில் இறங்கும் நேரம். எதிர்க்காற்று கொஞ்சம் பக்கவாட்டில் அடிக்கிறது. வலது பெடலை ஓங்கி மிதிக்கிறார். விமானம் திரும்பவில்லை, நாற்காலி சக்கரத்தில் உருண்டு கேப்டன் பீரோவுக்குப் போய்விட்டார். யோக்கைக் கைவிடாதவராக இருந்தால் மேசையும் கூடவே போயிருக்கும்.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பின்னறையில் பறந்ததில் ஒரு நிமிடம்கூட அந்தக் கணக்கில் சேராது, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அங்கீகரித்த சாதனம் அல்லவே. அது தெரிந்தும் இறங்கத் துணிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பெடலையும் யோக்கையும் முதலில் செய்யுங்கள், மூன்றாவது மானிட்டரைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள், நாற்காலியின் சக்கரங்களை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். மிக்ஸி திருகுக்குப் பதில் புதுசு வாங்கி வைத்துவிட்டு, அப்புறம் பழையதில் கை வையுங்கள்.