சோளக்காட்டுச் சரித்திரம்

அமெரிக்காவின் நடுவில், விமானத்தில் போகிறவர்கள் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்குவதற்கென்றே ஒரு நிலப்பரப்பு இருக்கிறது. மிட்வெஸ்ட் என்பார்கள். மொத்தம் பன்னிரண்டு மாநிலங்கள். அமெரிக்கப் பிள்ளைகளே மனப்பாடமாக ஒப்பிக்கும்போது இரண்டை விட்டுவிடுவார்கள். அப்படி விட்டுப்போகிற அயோவாவில்தான், எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும், நான் வளர்ந்தேன். அப்பா மண் ஆராய்ச்சிக்காகத் திருநெல்வேலியிலிருந்து கப்பலேறாத குறையாகப் போனவர். தாமிரபரணிக் கரையில் மண்ணுக்கா பஞ்சம் என்று ஆச்சி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

நியூயார்க்கிலிருந்த சித்தப்பா பிள்ளைகள் போனில் கேட்பார்கள்: "உங்க ஊர்ல என்ன இருக்கு?"

"சோளம்."

"அப்புறம்?"

"சோயா."

அதோடு பேச்சு முடிந்துவிடும். அன்றைக்கு விட்ட பதிலை இப்போது சொல்கிறேன். கடல் கிடையாது, மலை கிடையாது, வருஷத்தில் ஐந்து மாதம் வெளியே தலைகாட்ட முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் மனிதன் கைவசம் இருக்கிற நேரத்தை வைத்துச் செய்கிற காரியங்களைக் கலிபோர்னியாவில் செய்தால் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். எங்கள் பக்கத்தில், அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மோசமில்லை" என்று சொல்லிவிட்டுப் புல் வெட்டப் போய்விடுவார்.

உதாரணத்துக்கு, மினசோட்டாவில் டார்வின் என்ற சின்ன ஊர். அங்கே பிரான்சிஸ் ஜான்சன் என்றொரு விவசாயி, அமெரிக்க செனட்டராக இருந்தவரின் மகன், 1950இல் வைக்கோல் கட்டும் கயிற்றை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். ஏன் என்று கேட்காதீர்கள். அவர் வீட்டிலேயே கேட்டிருக்கமாட்டார்கள். 29 வருஷம் சுற்றினார். உருண்டை பன்னிரண்டடி அகலத்துக்குப் பெருத்து, 17,400 பவுண்டு, அதாவது ஏறக்குறைய எட்டு டன் ஆயிற்று. கான்சஸ் மாநிலத்தின் காக்கர் சிட்டிக்காரர்களுக்குப் பொறுக்குமா? அங்கே பிராங்க் ஸ்டோபர் 1953இல் போட்டிக்கு ஓர் உருண்டையைத் தொடங்கி, 1974இல் செத்துப்போனார். ஊரே அதைத் தத்தெடுத்துக்கொண்டது. இன்றைக்கும் ஆகஸ்ட் மாதத்தில் கூடி, வருகிறவன் போகிறவன் கையில் எல்லாம் கயிற்றைக் கொடுத்துச் சுற்ற வைக்கிறார்கள். உலகத்திலேயே பெரியது எது என்பதில் இரண்டு ஊருக்கும் தீராத வழக்கு. தனி ஒருவன் சுற்றியதில் பெரியது என்று டார்வின் தன் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் குடும்பத்தின் கோடைச் சுற்றுலா இதுதான். மற்றவர்கள் கிராண்ட் கேன்யன் போனார்கள். நாங்கள் கயிறு பார்க்கப் போனோம்.

அயோவாவின் பங்கு வெண்ணெய். ஆகஸ்டில் டி மாயின் நகரத்தில் மாநிலத் திருவிழா நடக்கும். அதில் 1911 முதல் மூலவர் ஒரு வெண்ணெய்ப் பசு. கம்பியும் மரமும் வைத்துக் கட்டிய எலும்புக்கூட்டின் மேல் சுமார் 600 பவுண்டு வெண்ணெயை அப்பி, நரம்பும் மடியும் தெரிய ஆளுயரப் பசுவைச் செய்து, குளிர்பெட்டிக்குள் நிறுத்திவிடுவார்கள். ஜனம் வரிசையில் நின்று கண்ணாடி வழியாகத் தரிசிக்கும். ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்பு பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு மட்டும்தான் அதில் எந்த வினோதமும் தெரியவில்லை. கை தானாகக் குவிந்துவிட்டது. பிறகுதான் கேட்டாள்: "ஏல, இம்புட்டு வெண்ணெய் இருக்கே, ஆளுக்கு ஒரு துளி பிரசாதம் கெடையாதா?"

கிடையாது. அந்த வெண்ணெயை எடுத்து வைத்து அடுத்தடுத்த வருஷங்களுக்கும் உபயோகிப்பார்கள். பத்து வருஷம் வரைகூட ஓடும் என்று தெரிந்ததும் அம்மா பிரசாதக் கோரிக்கையை வாபஸ் வாங்கிக்கொண்டாள். நார்மா லயன் என்ற பால்பண்ணைக்காரப் பெண்மணி 1960 முதல் நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பசுக்களைச் செய்தார். பசு மட்டும் செய்து அலுத்ததோ என்னவோ, 1997இல் எல்விஸ் பிரெஸ்லியையும், 1999இல் ஏசுவின் கடைசி விருந்தையும் பன்னிரண்டு சீடர்களோடு வெண்ணெயில் இறக்கினார். தெய்வக்குற்றம் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. மோசமில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் வெண்ணெய் இன்னும் ஒருபடி மேலே போய்ச் சட்டமாகவே ஆகிவிட்டது. போட்டிக்கு வந்த மார்கரினுக்கு மஞ்சள் நிறம் ஏற்றி விற்பதை 1895இல் தடை செய்தார்கள். வேண்டுமானால் வெள்ளையாக, பன்றிக்கொழுப்பு போல, விற்றுக்கொள். தடை 1967 வரை நீடித்தது. அதுவரைக்கும் கௌரவமான குடும்பத்தலைவிகள் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி இல்லினாய் போய், டிக்கி நிறைய மஞ்சள் மார்கரினைக் கடத்திவந்தார்கள். இந்தத் தடையின் காவல்தெய்வம் கார்டன் ரோஸ்லைப் என்ற மாநில செனட்டர். அறுபதுகளின் நடுவில், கண்ணைக் கட்டிக்கொண்டே வெண்ணெயைக் கண்டுபிடிப்பேன் என்று ருசிப் போட்டிக்கு வந்தார். மார்கரினை வெண்ணெய் என்றார். காரணம் அவர் இறந்தபிறகுதான் வெளியே வந்தது. மனிதரின் உடம்பு பெருக்கிறதே என்று அவர் மனைவி பல வருஷமாக வீட்டில் கள்ள மார்கரினைத்தான் வெண்ணெய் என்று பரிமாறிக்கொண்டிருந்தார். மாநிலத்தின் சட்டமெல்லாம் ஓர் அடுப்படிக்குள் நுழையமுடியவில்லை பாருங்கள். இன்றைக்கும் விஸ்கான்சின் ஓட்டலில், வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்டாலொழிய வெண்ணெய்க்குப் பதில் மார்கரின் வைக்கக் கூடாது. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

சாப்பாடு என்று பேச்செடுத்தபிறகு சர்ச் விருந்தைச் சொல்லாமல் போகமுடியாது. எங்கள் தெருவில் எல்லாரும் லூத்தரன்கள். நாங்கள் மட்டும் இந்துக்கள். அது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. கறி சாப்பிடமாட்டோம் என்பதுதான் அவர்களை ராத்திரித் தூக்கமில்லாமல் அடித்தது. பன்றி வளர்த்துப் பிழைக்கிற மாநிலம், மனிதர்களைவிடப் பன்றிகள் பல மடங்கு அதிகம். அங்கே போய் "நாங்கள் சைவம்" என்றால் "அதனாலென்ன, கோழி இருக்கிறதே" என்பார்கள். பேக்கன் தூவிய பீன்ஸ் அவர்கள் கணக்கில் காய்கறி. சர்ச்சின் அடித்தளத்தில் நீளமேஜை போட்டு அவரவர் வீட்டுப் பாத்திரத்தை வரிசையாக வைப்பார்கள். அதில் சாலட் என்ற பெயரில் பச்சையாக ஒன்று இருக்கும். எலுமிச்சை ஜெல்லோவுக்குள் துருவிய கேரட், சில சமயம் மார்ஷ்மெல்லோ. மேஜையைத் தொட்டால் ஆடும். அம்மா பல விருந்துகளில் அதை மட்டும் நம்பிச் சாப்பிட்டாள். ஜெல்லோ உறைவதே மாட்டுத்தோல், பன்றித்தோல், எலும்பு ஆகியவற்றை வேகவைத்து எடுக்கிற ஜெலட்டினால்தான் என்பதை என் பள்ளி அறிவியல் புத்தகத்திலிருந்து நான் சத்தமாக வாசித்துக் காட்டிய சாயங்காலம் வீட்டில் சமையல் நடக்கவில்லை.

இந்த இடத்தில் எஸ். சந்திரசேகரை நினைத்துக்கொள்கிறேன். 1937இல் விஸ்கான்சினின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, வில்லியம்ஸ் பே என்ற ஏரிக்கரை ஊரில் பல வருஷம் குடியிருந்தவர், சைவம். நட்சத்திரங்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த ஊரில் அந்தக் காலத்தில் சைவமாகவே இருந்து உயிர்பிழைத்ததற்கு இன்னொன்று கொடுத்திருக்கலாம்.

குளிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, குளிரும். காலுறைக்கு மேல் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதன்மேல் பூட்ஸ் மாட்டி அனுப்புவார்கள். இதை எங்கள் வீட்டுக் கஞ்சத்தனம் என்றே நம்பியிருந்தேன். 2015இல் ஜனாதிபதியின் உரைக்கு எதிர்க்கட்சி சார்பாகப் பதில் சொல்ல வந்த அயோவா செனட்டர் ஜோனி எர்ன்ஸ்ட், நாடே பார்க்கிற டிவியில், தன் சின்ன வயது ரொட்டிப் பைகளைப் பற்றிப் பேசினார். எங்கள் மாநிலத்து அரசியல் மேடைக்கு அது கம்பராமாயணம்.

வசந்தம் வந்தால் சூறாவளி வரும். சங்கு ஊதினால் ஓடிப்போய் நிலவறையில் உட்காரவேண்டும். எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு இன்னும் விரிவான சாஸ்திரம் இருந்தது: வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்து வை, நிலவறையின் தென்மேற்கு மூலையில் ஒதுங்கு. ஆராய்ந்து பார்த்தபோது இரண்டுமே தப்பு என்று தெரிந்தது. ஜன்னல் திறப்பது காற்றுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. தென்மேற்கு மூலை பத்திரமும் இல்லை. ஆனாலும் அப்பா கடைசிவரை தென்மேற்கு மூலையைத்தான் பிடித்தார். வாஸ்துப்படி கன்னிமூலை என்பதில் அவருக்கு ஒரு நம்பிக்கை. அம்மா பிரஷர் குக்கரும் முருகன் படமுமாக இறங்குவாள். தெருவில் மற்ற வீட்டு ஆம்பிளைகள் எல்லாரும் சங்கு ஊதியதும் கையில் பீரோடு வாசலுக்கு வந்து நின்று, மேகத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பதினாலு வயதில் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. சோளத்துக்கு ஆண்மை நீக்கும் உத்தியோகம்.

மக்காச்சோளச் செடிக்கு ஆண் பூ உச்சியில், பெண் கதிர் இடுப்பில். விட்டால் சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் முடித்துக்கொள்ளும். வீரிய விதை வேண்டுமென்றால் இரண்டு குலத்தைப் பக்கம் பக்கமாக நட்டு, பெண்வீட்டு வரிசைகளில் ஆண் பூவை ஒன்று விடாமல் பிடுங்கி எறியவேண்டும். அப்போதுதான் எதிர்வரிசை மாப்பிள்ளையின் மகரந்தம் காற்றில் வந்து கலப்பு மணம் நடக்கும். ஜூலையில் பெரும்பகுதியை இயந்திரம் பிடுங்கிவிடும். அது விட்டதைப் பிடுங்குவதற்கு அயோவா, நெப்ராஸ்கா, இல்லினாய் பிள்ளைகளை விடியும் முன் பள்ளிக்கூட பஸ்ஸில் அள்ளிக்கொண்டு போவார்கள். காலையில் பனி சொட்டுவதால் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்வோம். பத்து மணிக்கு அதே பைக்குள் இட்லி மாதிரி வெந்துகொண்டிருப்போம். இலை விளிம்பு கன்னத்தை அறுக்கும். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை வரிசையை இயந்திரம் விட்டு அடியோடு அழித்துவிடுவார்கள் என்பதை எங்கள் மேஸ்திரி ஒரு கெட்ட சிரிப்போடு விளக்குவார். பாலியல் கல்வி என்று எனக்குக் கிடைத்தது மொத்தமும் அந்த வயலில்தான்.

இந்த வேலை எங்களுக்குக் கிடைத்ததே ஒரு பூஞ்சையின் தயவு. நான் சொல்லும் காலத்துக்கு முன்பே, ஆண் பூ மலடாகவே பிறக்கிற ரகத்தை டெக்சஸில் பிடித்துவந்து பரப்பியிருந்தார்கள். பிடுங்கவேண்டிய வேலையே இல்லை. 1970இல் நாட்டின் மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் அந்த ஒரே தாய்வழி. அந்த வழியையே குறிவைத்துத் தின்கிற இலைக்கருகல் நோய் அந்த வருஷம் பரவி, மகசூலில் சுமார் 15 சதவீதத்தைத் தின்றுவிட்டது. விஞ்ஞானம் தலையைச் சொறிந்துகொண்டு பழையபடி எங்களைப் போன்ற பொடியன்களிடம் வந்தது.

வீரிய சோள வியாபாரத்தைத் தொடங்கியவரும் எங்கள் ஊர்க்காரர்தான். ஹென்றி வாலஸ் 1926இல் டி மாயினில் கம்பெனி ஆரம்பித்தார். 1941இல் அமெரிக்காவின் துணை ஜனாதிபதி ஆனார். 1944 தேர்தலில் அவரை இறக்கிவிட்டு ட்ரூமனை ஏற்றினார்கள். புதிய பதவிக்காலம் தொடங்கிய 82ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்தார். சோள விதை விற்றவர் ஜனாதிபதி ஆவது அந்த மட்டில் தவறிற்று.

அந்தச் சோளத்தை விற்றுக்கொண்டிருந்த ராஸ்வெல் கார்ஸ்ட் இன்னும் சுவாரஸ்யமானவர். பனிப்போர் உச்சத்தில் ரஷ்யர்களுக்கே விதை விற்றார். 1959 செப்டம்பரில் அமெரிக்கா வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவை டிஸ்னிலேண்டுக்குள் விட மறுத்துவிட்டார்கள், பாதுகாப்பு இல்லையாம். அதற்குச் சில நாள் கழித்து அவர் கூன் ராபிட்ஸ் ஊரில் கார்ஸ்டின் வயலுக்கு வந்தார். நிருபர்கள் கூட்டம் நெருக்கியடித்தது. கார்ஸ்ட் குனிந்து, மாட்டுக்கு வைத்திருந்த பதனத் தீவனத்தைக் கைநிறைய அள்ளி அவர்கள் மேல் வீசினார். குருஷ்சேவ் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் டிஸ்னிலேண்ட் தேவையே இல்லை என்று தோன்றும்.

ரஷ்யா என்றதும் மேனிடோவாக் ஞாபகம் வருகிறது. விஸ்கான்சினின் ஏரிக்கரை ஊர். 1962 செப்டம்பர் 5 அதிகாலையில் அதன் தெரு நடுவில் வானத்திலிருந்து ஸ்புட்னிக் 4இன் துண்டு, ஏறக்குறைய ஒன்பது கிலோ, வந்து விழுந்தது. ரோந்து போன இரண்டு போலீஸ்காரர்கள் பார்த்தார்கள். பழைய இரும்பு என்று ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். எதிரி நாட்டு விண்கலம் என்பது பிறகுதான் உறைத்தது. இப்போது அந்த இடத்தில் பித்தளை வளையம் பதித்து, வருஷம் ஒருமுறை திருவிழா எடுக்கிறார்கள்.

இதற்கெல்லாம் சிகரம் அயோவாவின் ரிவர்சைட். ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன் கிர்க் அயோவாவின் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர் என்று எங்கோ எழுதியிருந்தது. எந்த ஊர் என்று எழுதவில்லை. 1985இல் ரிவர்சைட் ஊர்மன்றம் கூடி, அது நாங்கள்தான் என்று தீர்மானம் போட்டது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. கல்லும் நட்டுவிட்டார்கள். அந்தக் கல்லின்படி, கேப்டன் கிர்க் அங்கே பிறக்கப்போவது 2228 மார்ச் 22ஆம் தேதி. ஊரில் தங்கும் வசதி குறைவு. போக நினைப்பவர்கள் இப்போதே அறை சொல்லிவையுங்கள்.