மணியடித்தால் தமிழ்

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் முதுமக்கள் தாழிகளைப் பார்க்க வரும் வெளிநாட்டாருக்கு, முப்பதே நாளில் தமிழ் என்று செயலிகள் ஆசை காட்டுகின்றன. பாடம் முடித்தால் பதக்கம். ஒரு நாள் தவறினால் ‘டிங்’ என்று நினைவூட்டல். புதுமையாம்!

அந்த ‘டிங்’ இந்த வட்டாரக் கடற்கரைக்குப் பழசு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஜெபங்களைத் தமிழில் மாற்றி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு, தெருத்தெருவாகக் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். பொருள் விளங்கிற்றா என்று மணி கேட்காது. செயலி மட்டும் கேட்கிறதா என்ன?

அவருக்குப் பின்னால் வந்த பாதிரியார் அண்டிரிக் அடிகளார் வேறு ரகம். மொழிபெயர்ப்பாளரையே நம்பிக் கிடக்கப் பிடிக்காமல், தமிழ் வினைகளை லத்தீன் இலக்கணச் சட்டைக்குள் திணித்து, 1549 வாக்கில் போர்த்துக்கீசியத்தில் ஓர் இலக்கணமே எழுதிவிட்டார். சட்டை அங்கங்கே பிடித்தது, அங்கங்கே கிழிந்தது. மனிதர் விடவில்லை. 1578இல் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் கொல்லத்தில் அச்சேறியது.

இந்த முறையைச் செயலியாக்க முதலீட்டாளர் அகப்படுவது கஷ்டம். அவரைப் போலப் புன்னைக்காயல் பக்கம் ஐம்பது வருஷம் மீனவரோடு குடியிருக்க வேண்டும் என்பதல்லவா முதல் பாடம்!