மனைப்பகிர்வுக் கேட்டியல்

நூல் எழுதப் புகுவோர் பொருளையும் எல்லையையும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது உரையாசிரியர் மரபு. இந்நூலின் பொருள்: மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள், ஒரு வீட்டின் விளக்கும் விசிறியும் கதவுப் பூட்டும் வீட்டாரில் ஒருவருக்கு மட்டும் கீழ்ப்படிந்து, மற்றவர்களை யார் நீ என்று கேட்பது. எல்லை, ஆப்பிள் நிறுவனத்தின் ஹோம் செயலி. காலம், 2022 டிசம்பர் 13 முதல். பிற நிறுவனங்களின் செயலிகளிலும் இக்கேடுகள் உண்டு. ஆயினும் இத்தனை வகையும் ஒருசேர விளைந்த நிலம் இதுவாகலின், மாணாக்கர்க்கு இதுவே எளிது.

அன்று வந்தது ஐஓஎஸ் 16.2. அதனுள் வீட்டுக்குப் 'புதிய கட்டமைப்பு' ஒன்று, விரும்பினால் ஏற்கலாம் என்ற அளவில் இருந்தது. 2014-இல் ஹோம்கிட் அறிவிக்கப்பட்டதிலிருந்து நடந்துவந்த முறையில், வீட்டுக்குள் இருக்கும் ஐபோன்கள் கருவிகளோடு தாமே நேராகப் பேசிக்கொள்ளும். புதிய முறையில் ஹோம்பாடோ ஆப்பிள் டிவியோ நடுவில் மையமாக அமர்ந்து கருவிகளோடு பேசும். ஏனையோர் அதனிடம் விண்ணப்பிக்க வேண்டும். வேகமும் நம்பகமும் கூடும் என்றார்கள். டிசம்பர் முடிவதற்குள் ஆப்பிளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2023 மார்ச் 27-இல், ஐஓஎஸ் 16.4-உடன்தான் மீண்டும் கொடுத்தது. இடைப்பட்ட அந்தக் குளிர்காலமே நமக்கு ஆய்வுக்களம்.

கேட்டை வகுக்குமுன் கெட்டவரை வகுக்க வேண்டும். இச்செயலி அறிந்த மாந்தர் மூவகையர்.

முதலாமவர் உரிமையாளர். வீட்டை வாங்கியவர் அவர் என்று கொள்ளற்க. மாதத் தவணை கட்டுபவரும் அல்லர். பெட்டியைப் பிரித்து, கருவியில் அச்சிட்டிருந்த எட்டு இலக்கக் குறியீட்டைத் தம் ஐபோனின் கேமராவுக்குக் காட்டியவர் எவரோ, அவரே. விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பையனாகவும் இருக்கலாம். இரண்டாமவர் உறுப்பினர்: உரிமையாளர் அனுப்பிய அழைப்பை ஏற்று உள்ளே வந்தவர். வெளியூரிலிருந்து இயக்கும் உரிமையையும், கருவிகளைச் சேர்க்கும் உரிமையையும் இவருக்குத் தனித்தனியே கொடுக்கலாம், கொடாமலும் விடலாம். மூன்றாமவர் விருந்தினர். 2024-இல் ஐஓஎஸ் 18-உடன் வந்தவர். நாளும் நேரமும் குறித்துக் கதவுப் பூட்டைத் திறக்கவிடுவதற்கென ஏற்பட்ட வகை.

இதற்கு நூற்பா:

உரிமை ஒருவர்க்கே, ஒழிந்தோர் எல்லாம்
அழைக்க வருநர்; அழிக்கப் போகுநர்.

'ஒழிந்தோர் எல்லாம்' என்றமையால் கட்டிய மனைவியும் பெற்ற தாயும் அடங்கினர். 'அழிக்கப் போகுநர்' என்றது, உரிமையாளர் தம் பட்டியலில் ஒரு பெயரை நீக்கினால் அப்பெயருடையாரின் போனிலிருந்து வீடே மறைவதை. 'ஒருவர்க்கே' என்பதன் ஏகாரம் தேற்றம். அத்தேற்றம் எற்றுக்கெனின், உரிமையை மற்றொருவர்க்கு மாற்றித்தர இச்செயலியில் வழியில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனால் வீட்டையே பெயர் மாற்றிவிடலாம்; அதன் கூடத்து விளக்கை மாற்ற முடியாது. ஒவ்வொரு கருவியாக நீக்கி, மீட்டமைத்து, புதியவர் போனில் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். மணமுறிவு வழக்கு நடத்துவோர் இந்த ஏகாரத்தைக் கவனிப்பது நல்லது.

நான்காம் வகை ஒன்றுண்டு என்பார் ஒரு சாரார்: சுவர் சுவிட்சை அணைப்பவர். ஸ்மார்ட் பல்புக்குச் சுவரில் மின்சாரம் நின்றால் செயலி 'நோ ரெஸ்பான்ஸ்' என்று காட்டும். புதுப்பிப்பின் கேடென்று மூன்று நாள் ஆராயப்பட்டது பாட்டியின் சிக்கனமாக முடிவதும் உண்டு. செயலி அறியாத மாந்தர் ஆதலின் இவரை நாம் வகைக்குள் சேர்க்கவில்லை. ஆனால் புதிய கட்டமைப்பால் சற்றும் பாதிக்கப்படாதவர் இவர் ஒருவரே என்பதையும் மறைப்பதற்கில்லை.

இனிக் கேடுகள். அவை நான்கு.

தலையாயது அழைப்புக் கேடு. இது சென்றும் சேராதது, சேர்ந்தும் திறவாதது, திறந்தும் ஏலாதது என மூன்றாய் விரியும். அழைக்கப்படுபவரின் ஆப்பிள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வேண்டும். ஐகிளவுட் கீச்செயின் இயங்க வேண்டும். இவை இல்லாதார்க்கு அழைப்பு ஏலாமை இயல்பு, கேடெனப்படாது. எல்லாம் இருந்தும் ஏலாமையே கேடு. 2022 டிசம்பரில் நிகழ்ந்தது அது. வீட்டைப் பகிர முடியவில்லை, பகிர்ந்ததை ஏற்க முடியவில்லை என்ற குறைகளை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதன் கொடுமை அனுபவித்தோர்க்கே தெரியும். உரிமையாளரின் போனில் 'அழைப்பு அனுப்பப்பட்டது' என்று இருக்கும்; அடுத்த அறையில் இருப்பவர் போனில் ஒன்றும் இராது. அனுப்பினேன் என்பாரும் வரவில்லை என்பாரும் இருவருமே உண்மை பேசுபவர். அதனாலேயே சண்டை தீராது. இந்த இடத்தில் நம் துணிபைச் சொல்லிவிடுகிறோம்: புதுப்பிப்பு செய்த குற்றம் சிறிது. ஒரு வீட்டாரில் ஒருவரை அரசராகவும் மற்றோரை அழைப்பிதழ் வைத்திருப்போராகவும் முதல் நாளே வைத்ததுதான் பெரிது. நன்றாக ஓடும்வரை அது யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டாவது காலக் கேடு. உரிமையாளர் புதிய கட்டமைப்புக்கு மாறிய கணத்தில், ஐஓஎஸ் 16.2-க்குக் கீழே நின்ற போன்கள் வீட்டை இழக்கும். ஐபோன் 7 வைத்திருப்பவர்க்கு ஐஓஎஸ் 16 எந்நாளும் வராது. மகன் புதுப் போன் வாங்கிக்கொண்டு பழையதை அம்மாவுக்குக் கொடுப்பது எங்குமுள்ள வழக்காகலின், இக்கேட்டால் முதலில் வெளியேற்றப்படுபவர் அம்மா. பழைய ஐபேடை மையமாக வைத்துச் செலவை மிச்சப்படுத்தியோரும் இங்கே அடங்குவர். புதிய முறையில் ஐபேட் மையமாகாது.

மூன்றாவது ஊமைக் கேடு. கருவியின் பெயருக்குக் கீழே 'அப்டேட்டிங்' என்றோ 'கான்ஃபிகரிங்' என்றோ தோன்றி அப்படியே நிற்கும். இலக்கணத்தார் இதனை இறந்தகாலம் ஆகாத நிகழ்காலம் என்க.

நான்காவது கூற்றுக் கேடு: உரிமையாளர், "எனக்கு வேலை செய்கிறதே!" என்று கூறுதல். இது மென்பொருளின்பாற் படாது என்று மறுப்பாரும் உளர். ஏனைய மூன்றும் அடுத்த பதிப்பில் தீர்ந்த பின்பும் வீட்டில் நீண்ட நாள் நிற்பது இதுவாகலின், நாம் சேர்த்தோம்.

மருந்து விரிப்பின் பெருகும். எல்லாவற்றையும் அணைத்துப் போடுதல். பெயரை நீக்கி மறுபடி அழைத்தல். வீட்டையே அழித்துப் புதிதாய் அமைத்தல். மூன்றாவதைச் செய்யத் தக்கவர், குறியீட்டோடு கூடிய காகிதத்தை எறியாதவர். எறிந்தவராயின் ஏணி உடையவர். ஏனெனில் அக்குறியீடு கூரைப் பல்பின் கழுத்திலும் அச்சாகியிருக்கும். மாறவே மாட்டேன் என்று பழைய கட்டமைப்பில் இருந்துகொள்ளுதல் நான்காம் மருந்தாக இருந்தது. 2026 பிப்ரவரி 10 அதற்குக் கடைசி நாள் என்று நிறுவனம் அறிவித்துவிட்டது.

புறனடை: 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்னும் பொதுத்தரம், ஒரு கருவி குறைந்தது ஐந்து வேறு அமைப்புகளுக்கு ஒரே நேரத்தில் இடம்தர வேண்டும் என்கிறது. எனவே ஒரு பல்புக்கு ஐந்து உரிமையாளர். ஐவர்க்கும் தனித்தனி உறுப்பினர். ஐந்து புதுப்பிப்பு, ஐந்து நாளில். இவற்றை உறழ்ந்து காணின் கேடுகள் நூற்றைத் தாண்டும். அந்த இயலை எழுத வல்லார் ஒருவரை இந்நூலில் சேர்ந்துகொள்ளுமாறு அழைத்திருக்கிறோம். அனுப்பப்பட்டது என்றுதான் காட்டுகிறது.